எடுக்கும் முன் கொடு

அமெரிக்காவில் வாத்து வேட்டைப் பருவம் தொடங்குவது இலையுதிர் காலத்தில். தேர்ந்த வேட்டைக்காரரோ கோடையிலேயே ஆயத்தமாகிவிடுவார். நீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகளின் கயிற்று முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்ப்பார். விழுந்த பறவையை நீந்திப் போய்க் கவ்விவர நாயைப் பழக்குவார்.

16 வயது நிரம்பியவர்கள் வேட்டைக்குப் போகுமுன் ‘வாத்து முத்திரை’ வாங்கியாக வேண்டும். 1934 முதல் விற்கப்படும் இந்த முத்திரையில், டாலருக்கு 98 சென்ட் சதுப்பு நிலங்களைக் காக்கவே போகிறது. சேற்றில் கிடந்த ஈயக் குண்டுகளை விழுங்கிப் பறவைகள் மடிந்ததால், 1991 முதல் வாத்து வேட்டையில் ஈயத்துக்கு நாடெங்கும் தடை.

நீர்நிலை வற்றினால் வாத்தும் இல்லை, வேட்டையும் இல்லை. எதனால் பயன் பெறுகிறீர்களோ, அதைக் காக்க முதலில் கைகொடுங்கள். அதுவே முறையான ஆயத்தம்.