கொல்லாமை மட்டும் போதுமா?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு இடையே, பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே சுல்தான் அபூபக்கார் அணை 1963ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்றது. அதனால் தோன்றியதே ரிங்லெட் ஏரி. மலைச்சரிவுகளில் காடு அழிக்கப்பட்டமையால் மழைதோறும் மண் அரித்து வந்து ஏரியிற் படிந்தது, ஆழம் குறைந்தது, நீர்க்களைகள் பெருகின. பெரும்படகின் விசிறி சிக்கிக்கொள்ளும் இத்தகைய நீர்நிலைகள், கயாக் என்னும் சிறு தோணியிலிருந்து தூண்டிலிடுவோர்க்கு ஏற்ற களங்களாகும். அத்தோணி ஓசையின்றிச் செல்லும். அது மிதக்கச் சில அங்குல நீரே போதும்.

அமெரிக்காவில் இவ்வாறு பாஸ் மீனைப் பிடிப்பர். நம் நாட்டில் கென்யிர், தெமெங்கோர் ஏரிகளில் தோமான் என்னும் பெருவிராலை நாடுவோர் பலர். முள்ளை உடலில் மறைத்த இரப்பர்த் தவளையைக் களையின்மேல் இழுத்துச் செல்வர். மீன் சீறி எழுந்து கவ்வும்.

தோட்டப்புற ஓடைகளில் நம் முன்னோர் தூண்டிலிட்டது குழம்புச் சட்டிக்காக. இக்கால விளையாட்டாளரோ பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுகின்றனர். “நாங்கள் கொல்வதில்லையே, பிறகு பழி ஏது?” என்பது அவர்தம் வினா. இவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. உண்பதற்காகக் கொல்வோரைவிட, உயிரோடு விடுவோர் மேலானவர் அல்லரோ?

வள்ளுவப் பெருந்தகை இன்னா செய்யாமையை ஓர் அதிகாரமாகவும், கொல்லாமையை அதனை அடுத்த அதிகாரமாகவும் வகுத்துள்ளார். இரண்டும் ஒன்றெனின் ஓர் அதிகாரமே அமைந்திருக்கும். கொல்லாதவன் இன்னா செய்யாதவன் ஆகிவிடான் என்பதை இவ்வமைப்பே நமக்கு உணர்த்தவில்லையா?

மீனின் வாழ்க்கையை நோக்கினால் இவ்வுண்மை மேலும் விளங்கும். தோமான் குஞ்சுகள் செந்நிறக் கூட்டமாய்த் திரியும். காற்றை உட்கொள்ள அடிக்கடி நீர்மட்டத்திற்கு வரும். தாயும் தந்தையும் கீழிருந்து காவல் புரியும். குஞ்சுகள் எழுப்பும் சிற்றலையைக் கண்டு, அவற்றின் நடுவே பொய்யிரையை வீசுவாரும் உளர். காக்கும் மீன் அதனைக் கவ்வுவது பெரும்பாலும் பசியாலன்று. தன் குஞ்சுகளுக்குப் பகை வந்ததென்று எண்ணியே பாய்கின்றது. பாஸ் இனத்திலும் ஆண்மீன் கூட்டைக் காத்து நிற்கும். அது சிறிது பொழுது அகன்றாலும், சூழ்ந்திருக்கும் பிற மீன்கள் முட்டைகளை உண்டுவிடும். வட அமெரிக்காவின் சில பகுதிகளில் இனப்பெருக்கக் காலத்தில் பாஸ் பிடித்தலுக்குத் தடை விதித்தமைக்கு இதுவே காரணம்.

பிடித்த மீன் உயிரோடு திரும்புகிறது, உண்மை. ஆனால் அது திரும்பும்போது குஞ்சுகள் இருக்குமா? விட்டவன் கையில் குருதி இல்லை; எனினும் அவன் பொழுதுபோக்குக்குப் பல உயிர்கள் விலையாயின. அதனினும் கொடிது, காக்கும் பண்பையே அவன் தூண்டிலாக்கியது. ஓருயிரின் ஆசையை ஏமாற்றுவது ஒன்று. அதன் அன்பை ஏமாற்றுவது வேறொன்று.

அவ்வாறாயின் பசித்தவன் குஞ்சு காக்கும் மீனைப் பிடிக்கலாமோ? அவனுக்குத் தேவை என்னும் நியாயம் உண்டு. ஆயினும் குஞ்சுகளின் கேடு இரு நிலையிலும் ஒன்றே. அடுத்த ஆண்டும் தன் சட்டிக்கு மீன் வேண்டுமென எண்ணும் அறிவுடையோன் அதனை விட்டு வேறு மீனை நாடுவான். பசித்தவனே இவ்வளவு பொறுக்கக் கூடுமெனில், பசியற்ற விளையாட்டாளன் பொறுத்தல் அரிதோ?

மீன்பிடித்தலையே விலக்குக என்று கூற வந்தோமில்லை. சிற்றலை கண்ட இடத்தில் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு தோணியைத் திருப்புக என்பதே நம் வேண்டுகோள். அங்கே காவலர் எவருமிலர், சட்டமும் காணாது. வலியவன் தன் கையைத் தானே தடுத்துக்கொள்ளும் அவ்விடத்திலேதான் அறம் தொடங்குகிறது. மாணவர்க்கு ‘கொல்லாமை’யைக் கற்பிக்கும் நாம், அதற்கு முன்னுள்ள அதிகாரத்தையும் சேர்த்தே கற்பிப்போமாக.