சங்கிலி

புதிதாக வந்த நாயைக் கட்டிப் போடுவதா, அவிழ்த்து விடுவதா என்பது ஒரு தர்ம விசாரமா என்று நீங்கள் சிரிக்கலாம். அந்தக் கேள்வி என்னைப் பல இரவுகள் தூங்க விடவில்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு நாள் பொழுதுக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரை புரண்டு, முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளக்காடாயின. மனிதர்கள் படகில் ஏறிப் பிழைத்தார்கள். போகிற அவசரத்தில் நாயை அவிழ்த்துவிட எத்தனை பேருக்கு நினைவிருந்ததோ! வெள்ளம் வடிந்ததும் நண்பர் ஒருவர் சேலையூரில் எங்கள் வீட்டுக்கு ஒரு பழுப்பு நிற நாட்டு நாயைக் கொண்டுவந்தார். பூட்டிய வீட்டின் மாடிப்படியில் கட்டிக் கிடந்ததாம். சங்கிலி எட்டியமட்டும் மேலே ஏறி நின்று உயிர் தப்பியிருக்கிறது. கழுத்தைச் சுற்றிப் புண். சொல்லியனுப்பியும் உரியவர் யாரும் தேடி வரவில்லை.

கால்நடை மருத்துவர் புண்ணுக்கு மருந்திட்டு, வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டார். "புது இடம். கொஞ்ச நாள் கட்டியே வையுங்கள். வெளியே ஓடினால் ஏதாவது வண்டியில் அடிபடும்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் எந்தச் சங்கிலி அதைக் கொல்லப் பார்த்ததோ, அதே சங்கிலியை, "இது உன் நன்மைக்காக" என்று எந்த மொழியில் சொல்லி மாட்டுவது? நன்மை செய்கிறவனுக்குத் தன் மனம் தெரியும். வாங்கிக் கொள்கிற ஜீவனுக்குக் கை மட்டும்தானே தெரிகிறது?

புதுச் சங்கிலியை வாங்கி அலமாரியில் வைத்தேன்; மாட்டவில்லை. இரும்புக் கேட்டைப் பூட்டினேன். அதுவும் ஒரு பெரிய சங்கிலிதான் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

நாய் நேரே எங்கள் மாடிப்படியின் உச்சிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. கீழே விரித்த கோணியைத் திரும்பியும் பார்க்கவில்லை. அதை இறக்கப் போன என்னை மனைவி தடுத்தாள்.

"அதை ஏங்க இழுக்கிறீங்க? சோத்தை மேலே கொண்டுபோனா நாம என்ன குறைஞ்சா போயிடுவோம்?"

தினம் அதே நேரத்தில், அதே தட்டில், மேல்படிக்குச் சோறு போயிற்று. தடவிக் கொடுக்கப் போகாமல், முகத்தையும் உற்றுப் பாராமல், நாலு படி கீழே முதுகு காட்டி உட்கார்ந்து பத்திரிகை படித்தேன். (படித்தேன் என்பது சும்மா, காதெல்லாம் பின்னால்தான்.) புது வீட்டில் நாய்க்கு மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் நம்பிக்கை என்று பிராணிகள் காப்பகங்களில் ஒரு கணக்குச் சொல்வார்கள். மழைத் தூறல் விழுந்தாலே நடுங்கிய எங்கள் நாய் அந்தக் கணக்கைக் கேட்டதில்லை.

ஒரு மாதம் கழிந்திருக்கும். கீழ்ப்படி வரை இறங்கி வந்து, என் செருப்பின்மேல் தலை வைத்துப் படுக்கும் அளவுக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் காலை, பால்காரர் கேட்டைத் திறந்தபடி விட்டுப் போய்விட்டார். நாய் வாசலில் நின்று தெருவைப் பார்த்தது. என்னை அறியாமலே உள்ளே ஓடி, அலமாரியிலிருந்த சங்கிலியை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்தேன். மெல்லக் கூப்பிட்டேன். அது திரும்பியது. சங்கிலி லேசாகக் கிணுங்கியிருக்க வேண்டும்.

அது தெருவுக்கு ஓடவில்லை. என்னைச் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டது.

அன்று சோற்றுத் தட்டை மறுபடியும் மேல்படிக்கே எடுத்துப் போனேன்.