பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்

ஜேர்மனியின் ஊன்ட்றொப் காமாட்சி அம்பாள் கோயில் 2002இல் கும்பாபிஷேகம் கண்டது. அன்று நாற்பது வயதில் கைகூப்பி நின்றவர்களுக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. நீங்களும் அவர்களில் ஒருவரா? தேர்வடம் பிடிக்கக் கையில் பலம் இருக்கும்போதே ஒரு காரியத்தை முடித்துவிடுங்கள். கடைசிக் காலத்தில் உங்களுக்கு எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதிவையுங்கள்.

"அதெல்லாம் மகள் பார்த்துக்கொள்வாள்" என்பீர்கள். அன்பில் அவள் குறை வைக்கமாட்டாள். ஆனால், பெற்ற பிள்ளை என்பதற்காக மட்டும் உங்கள் வைத்தியத்தை முடிவுசெய்யும் உரிமையை ஜேர்மன் சட்டம் அவளுக்குக் கொடுக்கவில்லை. கணவன் மனைவிக்கே 2023 ஜனவரியில்தான் அது கிடைத்தது. அதுவும் ஆறு மாதத்துக்குத்தான். நீங்கள் பேச முடியாமல் கிடக்கும்போது மகள் கையில் நீங்கள் எழுதிக்கொடுத்த ஃபோல்மாக்ட், அதாவது அதிகாரப் பத்திரம், இல்லையென்றால், விஷயம் நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் அவளையே நியமிக்கலாம். முன்பின் தெரியாத ஒருவரையும் நியமிக்கலாம்.

மற்றது பட்சியென்டென்ஃபெர்ஃபூகுங், அதாவது எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று நீங்கள் எழுதிவைக்கும் பத்திரம். 2009 செப்டெம்பரிலிருந்து சட்டத்தில் இருக்கிறது. எழுத்தில் இருந்தால் போதும், கீழே உங்கள் கையெழுத்து. நோட்டார் கட்டாயமில்லை. மனம் மாறினால் வாயால் சொல்லியே ரத்துச் செய்யலாம்.

ஒன்றில் மட்டும் கவனம். "உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம்" என்ற ஒற்றை வரி போதாது என்று 2016இல் ஜேர்மன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எந்த நிலை வந்தால் எது வேண்டாம் என்று பிரித்து எழுதுங்கள். மூச்சு மெஷினா, வயிற்றில் குழாய் வைத்துச் சாப்பாடா, நின்ற இதயத்தை மறுபடி இயக்குவதா? நீதி அமைச்சின் மாதிரி வாசகங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. குடும்ப டொக்டரிடம் ஒருதரம் காட்டிக் கேளுங்கள்.

திருநீறு பூச வேண்டும், காதில் தேவாரம் கேட்க வேண்டும் என்ற ஆசையையும் அதிலேயே எழுதலாம். தயங்காதீர்கள்.

பேப்பர் டொச்சில் இருக்கட்டும். பேச்சு தமிழில் இருக்கட்டும். நீங்கள் வாய்திறந்து சொல்லியிருந்தால், அன்றைக்கு மகள் டொக்டரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்வாள். சொல்லாமல் விட்டால், தான் செய்தது சரியா என்று காலமெல்லாம் தன்னையே கேட்டுக்கொண்டிருப்பாள். இன்று அவள் போன் எடுக்கும்போது பேச்சைத் தொடங்குங்கள். எழுதி முடித்ததும், எந்த லாச்சியில் வைத்திருக்கிறீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.