ஹேஸ்டி காட்டிய வழி

தான் கண்ட உண்மையின் வேரையே ஒருவர் பழிப்பாரானால், அவருக்கு நாம் நன்றி பாராட்டலாமா? கல்கத்தாவில் வாழ்ந்த ஒரு கல்லூரி முதல்வரின் வாழ்க்கை இக்கேள்வியை எழுப்புகிறது.

இன்று ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியாக விளங்கும் நிறுவனம், 1830-இல் அலெக்சாண்டர் டஃப் பாதிரியாரால் தொடங்கப்பட்டது. 1881-இல் அதன் முதல்வராக இருந்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் வில்லியம் ஹேஸ்டி. ஒருநாள் ஆங்கில ஆசிரியர் வராததால் அவரே வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதையை நடத்தினார். இயற்கையழகில் ஒன்றித் தன்னை மறக்கும் பரவச நிலை மாணவர்களுக்கு விளங்கவில்லை. தூய மனமும் ஒருமைப்பாடும் உடைய மிகச் சிலருக்கே அது வாய்க்கும் என்றும், அத்தகையவர் தட்சிணேசுவரத்தில் இருக்கிறார், சென்று பாருங்கள் என்றும் ஹேஸ்டி கூறினார். அந்த மாணவர்களுள் நரேந்திரரும் ஒருவர்.

மறு ஆண்டே, ஷோபாபஜார் அரச குடும்பத்தின் சிராத்தச் சடங்கில் தெய்வத் திருவுருவத்தின் முன் கற்றறிந்தோர் கூடியதை, அதே ஹேஸ்டி 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் கடுமையாகத் தாக்கினார். பங்கிம் சந்திரர் 'ராமசந்திரர்' என்ற புனைபெயரில் மறுப்பு எழுதினார்.

ஹேஸ்டி வியந்த சமாதி நிலை எங்கிருந்து வந்தது? பவதாரிணியின் திருவுருவத்தின் முன், 'அம்மா, அம்மா' என்று பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் கதறிய கண்ணீரில் அல்லவா அது மலர்ந்தது? கனியைப் போற்றியவர் மரத்தைப் பழித்தார். அறிஞருக்கு இது தெரியாமல் போனது வியப்பே.

ஆயினும் அவரை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. அக்காலத்தில் நரேந்திரரும் விக்கிரக வழிபாட்டை ஏற்றவரல்லர். பிரம்ம சமாஜ உறுப்பினராக இருந்த அவர், திருவுருவத்தை வணங்கிய ராக்காலைக் கடிந்துகொண்டார். இருவர் கருத்தும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் நரேந்திரர் தட்சிணேசுவரம் சென்றார், ஐயுற்றார், வாதிட்டார், மீண்டும் மீண்டும் சென்றார். 1884-இல் தந்தையை இழந்து வறுமையில் வாடியபோது காளியன்னையை ஏற்றார். ஹேஸ்டியோ பிறரைப் போகச் சொன்னதோடு நின்றார்.

அந்தக் கடிதங்களை மறைத்து வகுப்பறையை மட்டும் பேசுவது நேர்மையன்று. சுவாமிஜியின் வரலாறோ ஹேஸ்டியின் பெயரை மதிப்புடனேயே சொல்கிறது.

1891-இல் ஆல்வார் மன்னர் விக்கிரக வழிபாட்டில் தமக்கு நம்பிக்கையில்லை என்றபோது, அவரது உருவப்படத்தின்மீது உமிழும்படி சுவாமிஜி திவானிடம் கூறினார். திவான் நடுங்கினார். அது வெறும் தாள்தானே என்று கேட்ட சுவாமிஜி, ஒருகாலத்தில் ஹேஸ்டியின் பக்கம் நின்றவர்.