சதியின் எல்லை எதுவரை?

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் குத்திய கை யாருடையது என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லவில்லை. அந்த ஆதங்கம் வாசகர்களுக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் ‘பொன்னியின் செல்வ’னில் அதைவிட முக்கியமான காரியம் ஒன்று இருக்கிறது. கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் கூடும் சிற்றரசர்கள் கரிகாலனுக்கு அல்ல, மதுராந்தகனுக்கே பட்டம் என்கிறார்கள். அது அரச விரோதம்தான். ரவிதாசன் கூட்டம் தேடுவதோ கரிகாலன் வெட்டிய வீரபாண்டியன் தலைக்குப் பழி. இரண்டையும் கல்கி ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. கொலைத் திட்டம் தெரிந்ததும் பதறித் துடிப்பவர் அந்தச் சிற்றரசர்களுக்குத் தலைமை தாங்கிய பெரிய பழுவேட்டரையர்தான்.

அரசுகளிடம் இந்த நிதானம் அபூர்வம். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உடையார்குடிக் கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் முதலியோரைக் கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்கிறது. தண்டனை அவர்களோடு நிற்கவில்லை. தம்பிமார், பிள்ளைகள், பெண் கொடுத்த மாமன்மார் என எல்லோருடைய உடைமையும் பறிபோனது.

நம் காலத்திலும் அப்படித்தான். பூந்தமல்லி தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28 அன்று தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் தூக்கு. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் தடாவே இவ்வழக்குக்குப் பொருந்தாது என்றது. 19 பேர் வெளியே வந்தார்கள். நால்வருக்குத் தூக்கு உறுதியானது, மூவருக்கு ஆயுள். அந்த நால்வரில் பேரறிவாளன் ஒருவர். 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான குற்றச்சாட்டு. எதற்கென்று தெரியாது என அவர் சொன்ன வரியை வாக்குமூலத்தில் எழுதாமல் விட்டதாக, அதைப் பதிவு செய்த சி.பி.ஐ. அதிகாரியே 2013-இல் சொன்னார். பேரறிவாளன் விடுதலையானது 2022-இல். ஒரு வரி விடுபட்டால் ஒரு மனிதனின் இளமையே போய்விடுகிறது.

அதற்காகக் கொலையாளிகளைத் தியாகிகளாக்கும் எழுத்தை ஏற்க முடியாது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு, பாதுகாப்புக்கு நின்ற காவலர்களும் செத்தார்கள். ஈழத்தில் இந்திய அமைதிப்படை செய்த கொடுமை எவ்வளவு உண்மையோ, அந்தக் காவலர்கள் வீட்டு இழவும் அவ்வளவு உண்மை. பழிக்கான காரணத்தை நாவலாசிரியர் முழுமையாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். காரணம் புரிந்ததாலேயே கொலை நியாயமாகிவிடாது. ஈழத்துக்காகக் குரல் கொடுத்தவர்களை எல்லாம் சதிகாரர்களாக எழுதுவதும் அதே அளவு அநியாயம். கரிகாலன் போய் ஆயிரம் ஆண்டாகிறது; அங்கே பனிமூட்டத்தை விட்டுவைக்கக் கல்கிக்கு உரிமை இருந்தது. 1991-ஐ எழுதுபவருக்கு அந்தச் சலுகை கிடையாது. இறந்தவர்களின் பிள்ளைகளும் சிறையிலிருந்து வந்தவர்களும் அதைப் படிப்பார்கள்.