நிலவறையில் மறைந்த மூன்று அறுவடைகள்

ஒரு செயல் நன்றாக முடிந்துவிட்டால், அது தொடக்கத்திலிருந்தே நல்ல செயலாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நாம் எளிதில் முடிவு கட்டிவிடுகிறோம். வென்றவனின் பிடிவாதத்தை உறுதி என்கிறோம். தோற்றவனின் உறுதியைப் பிடிவாதம் என்கிறோம். இத்தகைய தீர்ப்பு அறத்திற்கு ஒத்ததுதானா? இதனைச் சிந்திக்க, ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற சிவப்புத் திராட்சை இரசம் ஒன்றின் வரலாறு நமக்குத் துணைசெய்யும். மதுவுக்குப் புகழ்மாலை சூட்டுவது நம் நோக்கமன்று. குடியால் குலைந்த குடும்பங்களை நாம் அறிவோம். ஆனால் மனச்சான்றைப் பற்றிய கேள்வி ஒன்று அந்த ஆலையின் நிலவறையில் நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. அதனையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

தென் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை அடுத்த மகில் என்னுமிடத்தில், 1844-ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ராசன் பென்ஃபோல்ட் என்ற ஆங்கிலேய மருத்துவரும் அவர் மனைவி மேரியும் குடியேறித் திராட்சை பயிரிட்டனர். நோயாளிகளின் உடல் தேறுவதற்கான மருந்தாகவே அம்மருத்துவர் முதலில் இரசம் தயாரித்தார். அவர்கள் வாழ்ந்த சிறு வீட்டின் பெயர் கிரேஞ்ச். காலப்போக்கில் அவ்வாலை பென்ஃபோல்ட்ஸ் என்ற பெரிய நிறுவனமாக வளர்ந்தது. 1931-இல் அங்கே எடுபிடி வேலைக்குச் சேர்ந்த மாக்ஸ் ஷூபர்ட் என்ற இளைஞர், 1948-இல் அதன் தலைமை இரசத் தயாரிப்பாளராக உயர்ந்தார்.

1950-இல் நிறுவனம் அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பியது. ஸ்பெயினில் ஷெரியும் போர்த்துகலில் போர்ட் மதுவும் தயாரிக்கும் முறையைக் கற்று வருவதே அவருக்கு இடப்பட்ட பணி. அக்காலத்து ஆஸ்திரேலியர் பெரும்பாலும் அத்தகைய செறிவூட்டிய மதுவகைகளையே விரும்பினர். திரும்பும் வழியில் பிரான்சின் போர்தோ பகுதிக்குச் சென்ற ஷூபர்ட், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் சுவை குன்றாத சிவப்பு இரசங்களை அங்கே கண்டார். தம் நாட்டிலும் அவ்வாறு நீண்டு வாழும் இரசம் ஒன்றை உருவாக்க வேண்டும் என்ற வேட்கை அவருள் வேரூன்றியது.

போர்தோவின் திராட்சை இனங்களும் பிரெஞ்சு ஓக் பீப்பாய்களும் அவருக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லை. எனவே தம் மண்ணில் நன்கு விளையும் ஷிராஸ் திராட்சையையும், புதிய அமெரிக்க ஓக் பீப்பாய்களையும் கொண்டு 1951-இல் முதற்சோதனையைச் செய்தார். அந்த இரசத்திற்கு அப்பழைய வீட்டின் பெயரையே இட்டு, கிரேஞ்ச் ஹெர்மிட்டேஜ் என்று அழைத்தார். திராட்சையின் தோலிலும் விதையிலும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் உண்டு. புதிய ஓக் மரமும் அதனை மிகுவிக்கும். இளமையில் நாவை இறுக்கிப் பிடிக்கும் அத்துவர்ப்பு, ஆண்டுகள் செல்லச் செல்ல மென்மையாகிப் படியும். அவ்விரசத்தின் நீண்ட வாழ்வுக்குக் காரணமானதும் அதுவே. தொடக்கத்தில் அது வெறுக்கப்பட்டதற்குக் காரணமானதும் அதுவே.

விற்பனையாகாத புட்டிகள் பெருகின. சிட்னியிலிருந்த தலைமையகம் மது அறிந்தோர் சிலரை அழைத்துச் சுவைக்கச் செய்தது. அவர்கள் முகம் சுளித்தனர். 1957-ஆம் ஆண்டு அறுவடைக்குச் சற்று முன்னர், கிரேஞ்ச் தயாரிப்பை நிறுத்துமாறு எழுத்து மூலம் ஆணை வந்தது.

ஷூபர்ட் நிறுத்தவில்லை. 1957, 1958, 1959 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அந்த இரசத்தை மறைவாகத் தயாரித்து, மகில் நிலவறைகளில் ஒளித்து வைத்தார். புதிய பீப்பாய்களுக்குப் பணம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். எனவே பழைய பீப்பாய்களே பயன்பட்டன. தலைமையகம் ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அடிலெய்டில் நிர்வாகப் பொறுப்பிலிருந்த ஜெஃப்ரி பென்ஃபோல்ட் ஹைலண்ட் அவருக்குத் துணைநின்றார். இதற்கிடையே முந்தைய ஆண்டுகளின் இரசம் முதிர்ந்து சுவை கூடியது. அதனை மீண்டும் சுவைத்த இயக்குநர்கள் மனம் மாறி, 1960 அறுவடைக்குள் தயாரிப்பைத் தொடங்குமாறு பணித்தனர். நடுவில் அது நின்றிருக்கவே இல்லை என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை!

அதன்பின் பாராட்டுகள் குவிந்தன. 1955-ஆம் ஆண்டின் இரசம் 1962 முதல் தங்கப் பதக்கங்களைப் பெற்றது. 1990-ஆம் ஆண்டின் இரசத்தை அமெரிக்காவின் ஒயின் ஸ்பெக்டேட்டர் இதழ் 1995-இல் ஆண்டின் சிறந்த இரசமாகத் தேர்ந்தது. முதற்சோதனையான 1951-ஆம் ஆண்டின் புட்டி ஒன்று, அண்மைக் காலத்தில் ஓர் இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கும் மேலாக ஏலம் போயிருக்கிறது. 1994-இல் மறைந்த ஷூபர்ட்டை அந்நாடு ஒரு வீரராகவே நினைவுகூர்கிறது.

இனி நம் கேள்விக்கு வருவோம். அந்த இரசம் நிலவறையிலேயே புளித்துப்போயிருந்தால், இதே மனிதரை என்னவென்று அழைத்திருப்போம்? நிறுவனத்தின் திராட்சையை, உழைப்பை, இடத்தை, ஆணையை மீறிச் செலவழித்தவர் என்றன்றோ சொல்லியிருப்போம்? செயல் ஒன்றே, நோக்கம் ஒன்றே. பீப்பாய்க்குள் நிகழ்ந்த மாற்றம் மட்டும் ஒரு மனிதரைக் குற்றவாளியாகவோ வீரராகவோ ஆக்கிவிட முடியுமா?

கீழ்ப்படிதலைப் பற்றி ஆழ்ந்து எழுதிய புனித தோமஸ் அக்குவினாஸ், தீமை செய்யுமாறு பணிக்கும் ஆணைக்குக் கீழ்ப்படிவது விவேகமற்றது என்கிறார். ஆனால் சிட்னியின் ஆணை தீமை செய்யச் சொன்ன ஆணையன்று. தன் பணத்தை எதில் இடுவது என்று தீர்மானிக்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு. சட்டத்தின் எழுத்தைப் பின்பற்றினால் அதன் நோக்கமே கெட்டுப்போகும் என்ற நிலையில், எழுத்தைக் கடந்து நோக்கத்தைக் காக்கும் நற்பண்பு ஒன்றையும் அக்குவினாஸ் விளக்குகிறார். எபிகேயா என்பது அதன் கிரேக்கப் பெயர். ஷூபர்ட்டுக்காக வாதிடுவோர் இதனைத் துணைக்கு அழைக்கலாம். எனினும், சட்டம் இயற்றியவர் எதிர்பாராத சூழலுக்கே அது பொருந்தும். இங்கோ இயக்குநர்கள் சூழலை அறிந்து, சுவைத்துப் பார்த்தே முடிவெடுத்தனர். அவர்களிடம் மீண்டும் வாதாட வழியும் இருந்தது. ஆகவே, அச்செயல் முற்றும் குற்றமற்றது என்று நம்மால் சொல்ல இயலவில்லை.

அதே வேளையில், எல்லா மறைவும் ஒரே தன்மையதன்று. ஷூபர்ட் எதனையும் தம் வீட்டிற்கு எடுத்துச் செல்லவில்லை. மறைத்தது நிறுவனத்தின் பொருள். மறைத்த இடமும் நிறுவனத்தின் இடம். விளைந்த பயனும் நிறுவனத்தையே சேர்ந்தது. திராட்சை இரசத்தைப் புட்டியில் அடைப்பது என்றேனும் திறப்பதற்காகவே. அழிந்து போகட்டும் என்று ஒளிப்பதற்கும், முதிர்ந்தபின் வெளிப்படட்டும் என்று காத்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. இது செயலைக் குற்றமற்றதாக்காது. ஆயினும் செய்தவரின் உள்ளத்தை நமக்குக் காட்டும்.

விந்தை என்னவெனில், ஒளித்து வைக்கப்பட்ட அந்த 1959-ஆம் ஆண்டின் இரசமே பின்னர் ஓர் அரசியல் வாழ்வைக் கவிழ்த்தது. 2011-இல் நியூ சௌத் வேல்ஸ் மாநில முதல்வரான பாரி ஓ'ஃபாரெல், 1959-இல் பிறந்தவர். அவர் பிறந்த ஆண்டின் கிரேஞ்ச் புட்டி ஒன்று அவருக்குப் பரிசாக அனுப்பப்பட்டது; அதன் மதிப்பு ஏறக்குறைய 3,000 டாலர். 2014 ஏப்ரலில், ஊழல் தடுப்பு ஆணையத்தின் முன், அத்தகைய பரிசு தமக்கு வரவில்லை என்று அவர் சாட்சியம் அளித்தார். மறுநாளே அவர் தம் கையால் எழுதிய நன்றிக் குறிப்பு வெளிவந்தது. நினைவு தவறிவிட்டது என்று கூறிய அவர், விளைவை ஏற்றுப் பதவி விலகினார். அவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று ஆணையம் முடிவு செய்யவில்லை.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அறிந்தே மறைத்தவர் போற்றப்பட்டார். மறந்ததாகச் சொன்னவர் பதவி இழந்தார். விளைவை மட்டும் அளவுகோலாகக் கொள்ளும் உலகத்தின் தராசு எத்துணை நம்பத்தகாதது! பதவி இழந்த அம்மனிதர், விளைவைத் தாமே சுமக்க முன்வந்த அந்த ஒரு நாளில், நிமிர்ந்தே நின்றார் என்பதையும் நாம் மறத்தலாகாது. ஒரு செயலை எடைபோட, அது என்ன செயல், எந்நோக்கத்தோடு செய்யப்பட்டது, அதன் பொறுப்பை ஏற்கச் செய்தவர் ஆயத்தமாக இருந்தாரா என்று மூன்றையும் கேட்டாக வேண்டும். வெற்றி இம்மூன்றில் எதற்கும் மாற்றாகாது.

ஆணையிடும் இடத்தில் இருப்போர்க்கும் இங்கே ஒரு பாடம் உண்டு. இருபது ஆண்டுகள் கழித்துச் சுவைக்க வேண்டியதை ஐந்து ஆண்டுகளில் சுவைத்துத் தீர்ப்பளித்தவர்கள் அந்த இயக்குநர்கள். அவர்கள் தயாரித்தவரை அழைத்து, 'இதற்கு எவ்வளவு காலம் வேண்டும்?' என்று கேட்டிருந்தால், ஒரு நேர்மையான ஊழியர் நிலவறையில் ஒளிந்து உழைக்க நேர்ந்திராது. பெற்றோர், ஆசிரியர், நிறுவனத் தலைவர், திருச்சபைப் பொறுப்பாளர் என நாம் எவராயினும், நம் அவசரத் தீர்ப்புகளால் எத்தனை நல்லவர்களை மறைந்து வாழச் செய்திருக்கிறோம்? கீழ்ப்படிதலைக் கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் செவிசாய்க்கும் கடமையும் உண்டு.

நம் ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு நிலவறை இருக்கிறது. அதில் நாம் அடைத்து வைத்திருப்பதை ஒருநாள் உரியவர் முன் நாமே கொண்டு வந்து வைத்து, 'இதனைச் செய்தவன் நானே' என்று சொல்ல இயலுமா? அது நன்றாக முதிர்ந்திருந்தால் மட்டுமன்று, புளித்துப் போயிருந்தாலும் அவ்வாறு சொல்ல இயலுமா?