எந்தப் பெட்டியில் இடம்?

“அந்தக் காலத்து இரயில் அல்லவா இரயில்! இப்போது ஓடுவதும் ஒரு வண்டியா?”

திருப்புலிவனம் பேருந்து நிறுத்தத்துத் தேநீர்க் கடையில், மாலை மங்கும் வேளையில், இளைஞன் ஒருவன் இவ்விதம் பெருமூச்செறிந்தான். கையிலே கைப்பேசி. அதன் கண்ணாடியிலே அமெரிக்க நாட்டின் பழைய இரயில் ஒன்று பவனி வருகிறது. வெண்துணி விரித்த மேசைகள், மேசைமீது மலர்க் கிண்ணம், குனிந்து நின்று உணவு பரிமாறும் பணியாள்! நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே 1902 முதல் 1967 வரை ஓடிய ‘டுவென்டியத் செஞ்சுரி லிமிடெட்’ வண்டியாம். ஏறுவோர் நடந்து செல்லச் சிவப்புக் கம்பளமே விரித்து வைப்பார்களாம்!

விந்தைதான்! இந்தச் சிற்றூரிலே இரயில் இல்லை. பக்கத்து உத்திரமேரூரிலும் இல்லை. வண்டி ஏற வேண்டுமானால் காஞ்சிபுரத்துக்கோ செங்கற்பட்டுக்கோ பேருந்திலே போக வேண்டும். அத்தகைய ஊரிலே பிறந்தவன், கடல் பல கடந்த நாட்டிலே, தான் பிறப்பதற்கு முன்பே ஓடி மறைந்த வண்டிக்காக ஏங்குகிறான்!

அவனை எள்ளி நகையாட இதனை எழுதவில்லை. ஏக்கம் குற்றமன்று. விரைந்தோடும் எஞ்சினைக் கண்டு வியக்காத மனம் உண்டோ? ஆனால், ஏக்கத்தைப் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பகுத்தறிவாளன் அதனைக் கேட்டே தீர வேண்டும். தோழா! அந்தப் பழைய வண்டி திரும்பி வந்து உன் எதிரே நிற்கிறதென்று வைத்துக்கொள். கதவு திறக்கிறது. உனக்கு எந்தப் பெட்டியில் இடம்?

அமெரிக்காவிலே இந்தக் கேள்வியைக் கேட்டவன் சிறை புகுந்தான். 1892ஆம் ஆண்டு, லூசியானா மாநிலத்திலே, ஹோமர் பிளெசி என்பவர் பயணச்சீட்டு வாங்கி வெள்ளையர் பெட்டியிலே அமர்ந்தார். நிறத்திலே வெள்ளையர் போன்றவரே அவர். ஆனால் குருதியிலே கறுப்பினக் கலப்பு உண்டென்று தாமே எடுத்துரைத்தார். எழுந்து செல்ல மறுத்தார். கைது செய்யப்பட்டார். நான்காண்டு கழித்து, 1896இல், அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது: பிரித்து வைப்பதில் பிழையில்லை, வசதி சமமாக இருந்தால் போதும் என்று! அந்தச் ‘சமம்’ எப்படிப்பட்டதென்பதை அந்நாட்டுக் கறுப்பின மக்களின் வாழ்வு அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துரைத்தது.

அந்த மலர்க் கிண்ண மேசைக்கும் ஒரு கதை உண்டு. 1942இல் எல்மர் ஹெண்டர்சன் என்னும் கறுப்பினத்தவர், அரசாங்கப் பணி நிமித்தமாகப் பயணம் செய்தார். உணவுப் பெட்டிக்குச் சென்றார். சமையலறைக்கு அருகே இருந்த மேசைகள் மட்டுமே அவர் இனத்தாருக்கு, நடுவிலே திரை! அன்றோ, அந்த மேசைகளிலும் வெள்ளையர் அமர்ந்துவிட்டனர். நாற்காலி ஒன்று காலியாக இருந்தும் இவருக்கு இடம் தரப்படவில்லை. பசித்த வயிற்றோடு வழக்காடினார். எட்டு ஆண்டுகள் ஓடின. 1950இல்தான் அந்தத் திரை தவறென்று உச்ச நீதிமன்றம் கூறிற்று.

குனிந்து நின்றானே பணியாள், அவன் பெயர் என்ன? புல்மன் நிறுவனத்துத் தூங்கும் பெட்டிகளிலே கறுப்பினத்தவரே ஏவலர். அவர்களை எல்லாம் பயணிகள் ‘ஜார்ஜ்’ என்றே அழைத்தனர். ஏன்? முதலாளியின் பெயர் ஜார்ஜ் புல்மன்! அடிமையை ஆண்டையின் பெயரால் அழைத்த பழக்கம், அடிமைமுறை ஒழிந்த பின்னும் தண்டவாளத்தின்மீது உருண்டோடியது. 1925இலே பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கண்டனர். நிறுவனம் பணிந்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1937இல். தம் உழைப்புக்கும் தம் பெயருக்கும் மதிப்புத் தேடப் பன்னிரண்டு ஆண்டுப் போராட்டம்!

படத்திலே மலர் தெரிகிறது; திரை தெரியவில்லை. புன்னகை தெரிகிறது, அதன் பின்னே இருந்த புண் தெரியவில்லை.

‘அது அமெரிக்கா, நம் நாட்டிலே அப்படியா?’ என்று கேட்போர் உண்டு. நம் கதையைச் சற்றுப் பார்ப்போம்.

1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னாட்டின் முதல் பயணிகள் இரயில் ஓடிற்று. 1865இல் அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு, மூன்றரை அடி அகலத்திலே ஒரு சிறு பாதை வந்தது. அறிவியல் நம் வாயிற்படிக்கு வந்தது. ஆனால் வந்த விருந்தினரையும் நம்மவர் சாதி கேட்டே வரவேற்றனர்! வெள்ளையருக்கென ஒதுக்கிய பெட்டிகள் ஒருபுறம். மறுபுறம், மந்தைபோல் மக்களை அடைத்த மூன்றாம் வகுப்பு. அதன் இழிநிலையை 1917இலே காந்தியார் எழுதினார். அந்தப் பெயர் ஒழிந்ததோ விடுதலை பெற்று இருபத்தேழு ஆண்டுகள் கழித்து, 1974இல்!

வகுப்பு வேற்றுமை காசினால் வந்தது. காசு சேர்ந்தால் தாண்டலாம். பிறவியினால் வந்த வேற்றுமையை எதைக் கொண்டு தாண்டுவது? நிலையத்துச் சிற்றுண்டிச் சாலைகளிலே பார்ப்பனருக்கு ஓர் இடம், மற்றவருக்கு வேறிடம்! வண்டியிலே தோளோடு தோள் உரசி வந்தவர்கள், இட்டிலி தின்ன மட்டும் பிரிந்து நின்றனர். பெரியாரும் அவர் தோழர்களும் கிளர்ந்தெழுந்தனர். 1941இல் அந்தப் பிரிவினை நீங்கிற்று. அமெரிக்கத் திரைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாக நம் பலகை இறங்கிற்று. ஆனால் இரண்டுமே தாமாக இறங்கவில்லை என்பதை மறவாதே!

இன்னொரு காட்சி. 1901இல், மராட்டிய நாட்டு மசூர் நிலையத்திலே, நல்லுடை உடுத்த சிறுவர் சிலர் வண்டியினின்றும் இறங்கினர். நிலைய அதிகாரி அன்போடு விசாரித்தார். மகர் சாதிப் பிள்ளைகள் என்றறிந்ததும் ஐந்தடி பின்னே போனார்! மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் ஏற்ற முன்வரவில்லை. இரட்டிப்புக் கூலி தருவதாகவும், வண்டியைத் தாமே ஓட்டிக்கொள்வதாகவும் ஒப்பிய பிறகே வண்டி கிடைத்தது. அந்தச் சிறுவர்களில் ஒருவர் அம்பேத்கர். எஞ்சின் அவரைச் சுமந்து வந்தது. மாட்டுவண்டி சுமக்க மறுத்தது. எஞ்சினுக்குச் சாதி தெரியாது, ஓட்டுபவனுக்குத் தெரிந்திருந்தது!

‘போட் மெயில்’ என்ற பெயரைச் சொன்னாலே சிலருக்குக் கண் பனிக்கும். 1914இலே பாம்பன் பாலம் திறந்தது. தனுஷ்கோடி வரை வண்டி, அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், பிறகு கொழும்புக்கு மீண்டும் வண்டி. இனிய பயணமே, எவருக்கு? இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குச் சென்ற நம் ஏழை மக்கள், மண்டபம் முகாமிலே நோய்த் தடுப்பின் பெயரால் நாட்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டனர். சீமானுக்கு அது கடற்காற்று. கூலிக்கு அது காவல்கூடம். 1964 டிசம்பர்ப் புயலிலே தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டியையே கடல் விழுங்கிற்று. பழைய பாலமும் 2022இல் ஓய்வு கொண்டது; 2025இல் புதியது வந்தது. பழைய பாலத்தைப் பாடுவோர் பாடட்டும். அதன்மீது சென்றவர் அனைவரையும் சேர்த்துப் பாடட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

“ஆகவே பழையதெல்லாம் பாழ் என்கிறீரோ?” என்று கேட்கலாம். அங்கேதான் அந்தத் தேநீர்க் கடை எனக்கொரு பாடம் புகட்டிற்று.

வேறோர் ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, இங்கேயே முதுமை எய்திய பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். மெல்லச் சொன்னார்: “எனக்கும் அந்தக் கரி எஞ்சின் வண்டிமேல ஆசைதான், தம்பி. எங்க ஊர்த் தெருவுல செருப்புப் போட்டு நடக்க எங்கப்பாவுக்கு வழியில்ல. ஆனா, சீட்டு வாங்கி வண்டியில குந்திட்டா, ‘எழுந்திரு’ன்னு எவனும் சொல்ல முடியாது. எங்கப்பா கால்மேல கால் போட்டு நான் பார்த்தது அந்த வண்டியிலதான்.”

கடையிலே அமைதி நிலவியது. இளைஞன் கைப்பேசியை மடியிலே வைத்துவிட்டான்.

சிந்தித்துப் பார்! இருவருக்கும் ஏக்கம், இருவருக்கும் பழைய இரயில். ஆனால் ஒன்றா இரண்டும்? இளைஞன் கண்டது சிவப்புக் கம்பளத்தை. அது பழைய வரிசையின் சின்னம். பெரியவர் நினைத்தது அந்த வரிசையிலே விழுந்த விரிசலை. ஒருவன் விலங்கின் மெருகைக் கண்டு மயங்கினான். மற்றவர் விலங்கை அராவிய அரத்தை நன்றியோடு நினைத்தார். பழமையை எடைபோட இதைவிடச் சிறந்த தராசு வேண்டுமோ? ‘பழையதா, புதியதா’ என்பதன்று கேள்வி. அந்தப் பழையது யாரை எழுப்பிவிட்டது, யாரை உட்கார வைத்தது என்பதே கேள்வி!

இத்தராசை இங்கேயே, பக்கத்து ஊரிலேயே பயன்படுத்தலாம். உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. முதலாம் பராந்தகன் காலத்தவை. ஆண்டு 919, 921. முப்பது குடும்புகள், ஓலையிலே பெயரெழுதிக் குடத்திலிட்டுத் தேர்ந்தெடுக்கும் முறை. கணக்குக் காட்டாதவன் மீண்டும் வரவொட்டாத விதியும் உண்டு. போற்றத்தக்க விதி, இன்றைக்கும் வேண்டிய விதி! ஆனால், யார் பெயர் அந்தக் குடத்திலே விழலாம்? கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம் வேண்டும். சொந்த மனையிலே வீடு வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். உழுதவன் பெயர் இல்லை. பெண்ணின் பெயர் இல்லை. கணக்குக் கேட்ட நெறியைக் கைக்கொள்வோம். கதவடைத்த நெறியைக் கைவிடுவோம். கல்வெட்டை உடைக்க வேண்டியதில்லை. முழுவதும் படித்தால் போதும்.

பழைய வண்டிக்கான ஏக்கங்களிலே மற்றொன்றும் உண்டு. அதனை ஏக்கமென்று ஒதுக்குவது அநீதி. 2020இல் நோய்த்தொற்றுக் காலத்தில் நின்ற சாதாரணப் பயணிகள் வண்டிகள், மீண்டும் ஓடியபோது விரைவு வண்டிக் கட்டணம் கேட்டன. பத்து ரூபாய்ச் சீட்டு முப்பது ரூபாயாயிற்று. 2024 தொடக்கத்திலேதான் பழைய கட்டணம் மீண்டது. இடைப்பட்ட காலத்திலே, காய்கறிக் கூடையோடு நின்ற தாய், “பழைய வண்டி வராதா?” என்று கேட்டாள் என்றால், அது பழமைப் பித்தா? அன்று! அது உரிமைக் குரல். இழந்ததைக் கேட்பது வேறு. இல்லாத பொற்காலத்தைக் கற்பிப்பது வேறு.

எனவே, அந்த இளைஞனுக்கு நான் சொன்னது இவ்வளவே: எஞ்சினை விரும்பு; அது மனித அறிவின் மகுடம். 1855இல் இங்கிலாந்திலே செய்த எஞ்சின் ஒன்றை நம் பெரம்பூர்த் தொழிலாளர் மீண்டும் ஓடவைத்துள்ளனர், போய்ப் பார், கைதட்டு. ஆனால் கரி அள்ளிப் போட்டவன் கையையும் எண்ணிப் பார். 1928இல் தென்னிந்திய இரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்திலே சிங்காரவேலர் சிறை சென்றதையும், 1946இல் பொன்மலையிலே ஐந்து தொழிலாளர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானதையும் அந்தப் புகையோடு சேர்த்து நினை. நினைவு அப்போதுதான் முழுமை பெறும். முழுமை பெற்ற நினைவு மயக்காது, வழிகாட்டும்.

காஞ்சிபுரம் பேருந்து வந்தது. நெரிசல்தான். இளைஞன் முன்னே ஏறினான். கிடைத்த இருக்கையிலே தான் அமராது பெரியவரை அமரச் செய்தான். அவர் சாளரத்தோரம் சாய்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.